எண்ணிப் பார்த்தவர்: என்ரிகோ ஃபெர்மி

அணு என்று சொன்னவுடனே நம் ஞாபகத்துக்கு வருவது குண்டுதான். அதற்கு அடுத்தபடியாக கல்பாக்கம், கூடங்குளம். ஃபெர்மி என்ற பெயர் அதற்கும் அப்புறம்தான், அதுவும் பரீட்சைக்காகப் படித்தவர்களுக்கு மட்டும் ஞாபகம் வரும். ஆனால் இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற அணு உலைகளுக்கெல்லாம் மூத்தது எது தெரியுமா? 1942 டிசம்பரில் சிகாகோ நகரத்தில், ஒரு பழைய விளையாட்டு மைதானத்தின் கேலரிக்குக் கீழே, செங்கல் அடுக்குகிற மாதிரி கையாலேயே அடுக்கிக் கட்டிய ஒரு கரி மேடைதான். எத்தனை வரிசை அடுக்கினால் அது உயிர் பெறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்னவர் என்ரிகோ ஃபெர்மி.

அணு உலை இயற்பியலாளர் என்கிற உத்தியோகம் அந்த இடத்தில்தான் பிறந்தது எனலாம். அந்த உத்தியோகத்தில் அப்படி என்ன வேலை? சுருக்கமாகச் சொன்னால் கணக்குப்பிள்ளை வேலைதான். ஒரு யுரேனிய அணுக்கரு பிளந்தால் இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளியே வரும். அவற்றில் சில உலையை விட்டே ஓடிப்போகும். சிலவற்றைச் சுற்றியிருக்கும் பொருள் விழுங்கிவிடும். மிச்சமிருப்பது இன்னொரு அணுவைப் பிளக்கும். இப்படி மிஞ்சி அடுத்த பிளவை உண்டாக்குவது சரியாக ஒன்று என்றால் உலை ஒரே சீராக ஓடும். ஒன்றுக்குக் கொஞ்சம் குறைந்தால் அணைந்துவிடும், கொஞ்சம் கூடினால் ஏறிக்கொண்டே போகும். இந்த வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறவர்தான் அவர். தமிழில் எண்ணுதல் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு, இல்லையா? ஃபெர்மிக்கு அந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

அவர் பிறந்தது ரோம் நகரில், 1901 செப்டம்பர் 29-ல். அப்பா ரயில்வேயில் அதிகாரி, அம்மா பள்ளி ஆசிரியை. ஒரு அக்கா, ஒரு அண்ணன். அண்ணன் ஜூலியோ ஒரே ஒரு வயதுதான் மூத்தவன். இரண்டு பேரும் சேர்ந்து மின்சார மோட்டார் செய்வதும் பொம்மை விமானத்துக்கு எஞ்சின் வரைவதுமாக இருந்தார்கள். 1915-ல் ஜூலியோவுக்குத் தொண்டையில் கட்டி. சின்ன ஆபரேஷன்தான் என்று கூட்டிப்போனார்கள். மயக்க மருந்து கொடுத்ததோடு சரி, பையன் எழுந்திருக்கவே இல்லை. அம்மா அந்தத் துக்கத்திலிருந்து நெடுநாள் மீளவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் என்ரிகோ யாரிடமும் பேசாமல் புத்தகத்துக்குள் போய்விட்டான்.

ரோமில் காம்போ தே ஃபியோரி என்று ஒரு சந்தை. நம்ம ஊர் மூர் மார்க்கெட் மாதிரி அங்கேயும் பழைய புத்தகம் கிடைக்கும். அங்கே அவனுக்குக் கிடைத்தது 1840-ல் ஒரு பாதிரியார் எழுதிய இயற்பியல் புத்தகம், சுமார் 900 பக்கம். ராத்திரி பகலாகப் படித்துவிட்டு அக்காவிடம் வந்து அதன் பெருமையைச் சொன்னான். அது லத்தீனில் இருக்கிறது என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லையாம்! பெர்சிகோ என்ற பள்ளித் தோழனைச் சேர்த்துக்கொண்டு ரோம் நகரக் குழாய்த் தண்ணீரின் அடர்த்தி என்ன, ரோமில் புவியீர்ப்பு முடுக்கம் என்ன, பூமியின் காந்தப்புலம் என்ன என்று ஒவ்வொன்றாக அளந்தான். யாரும் மார்க் போடவில்லை, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போடவும் ஆளில்லை. அளந்து பார்த்தால் ஒழிய மனசு ஆறாது, அவ்வளவுதான். அப்பாவின் சக ஊழியரான அமிதே என்ற பொறியாளர் பையனின் கூர்மையைக் கண்டு கணிதப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இரவல் கொடுத்தார். அவர் காட்டிய வழியில் 1918-ல் பீசா நகரின் உயர்கல்வி நிலையத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைத்தது. 1922-ல் டாக்டர் பட்டம், 1926-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வயது இருபத்தைந்து!

அந்த 1926-ம் வருடம் அவர் செய்த ஒரு வேலை நம் நாட்டோடு இரண்டு விதத்தில் சம்பந்தப்பட்டது. ஒளித்துகள்களை எண்ணுவதற்கு நம் சத்யேந்திரநாத் போஸ் 1924-ல் ஒரு முறை கண்டார். எலக்ட்ரான் மாதிரியான துகள்களுக்கு அந்த முறை செல்லாது. ஒரு நாற்காலியில் ஒருத்தர்தான் உட்கார முடியும் என்கிற பஸ் ரிசர்வேஷன் கணக்குதான் அவற்றுக்குச் சரிவரும். அந்தக் கணக்கை எழுதியவர் ஃபெர்மி. அதே வருடம் டிராக்கும் தனியாகக் கண்டுபிடித்தார். இன்று பிரபஞ்சத்தில் உள்ள துகள்களெல்லாம் போசான், ஃபெர்மியான் என்ற இரண்டே ஜாதி. 1930-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து முடித்த பத்தொன்பது வயது சந்திரசேகர் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது, நட்சத்திரம் எந்த எடை வரை வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியும் என்று நடுக்கடலில் கணக்குப் போட்டாரே, அதற்கு அடியில் இருந்தது இந்த ஃபெர்மிக் கணக்குதான். இருவரும் பிற்காலத்தில் நேரிலும் சேர்ந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ரோமில் பானிஸ்பெர்னா தெருவில் ஃபெர்மியைச் சுற்றி ஒரு இளைஞர் பட்டாளம் சேர்ந்தது. செக்ரே, அமால்டி, ரசெட்டி, மஜோரானா, பின்னால் வந்த பொன்டெகோர்வோ. தப்பே செய்யமாட்டார் என்பதால் ஃபெர்மிக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் போப்பாண்டவர். 1934 தொடக்கத்தில் பாரிசிலிருந்து செய்தி வந்தது. ஆல்ஃபா துகளால் அடித்துச் செயற்கையாகக் கதிரியக்கம் உண்டாக்கலாம் என்று ஜோலியோ-கியூரி தம்பதியர் காட்டிவிட்டார்கள். நியூட்ரானால் அடித்தால் என்ன என்று கேட்டார் ஃபெர்மி. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, அணுக்கரு அதை எதிர்த்துத் தள்ளாது. கண்ணாடிக் குழாயில் ரேடான் வாயுவும் பெரிலியப் பொடியும் போட்டு உருக்கி மூடியதுதான் அவருடைய துப்பாக்கி. கைகர் எண்ணிக் கருவி கடையில் கிடைக்காது, அவரே செய்துகொண்டார். தனிம அட்டவணையில் லேசானதிலிருந்து தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டு போனார். ஒன்றிலும் பலனில்லை. விடவில்லை. ஃப்ளோரினில் வந்தபோதுதான் கருவி டிக் டிக் என்றது.

அதற்கப்புறம் ஓட்டம்தான். நியூட்ரான் மூலம் இருக்கும் அறை தாழ்வாரத்தின் ஒரு கோடியில், எண்ணிக் கருவி மறு கோடியில். சில பொருள்களின் கதிரியக்கம் ஒரு நிமிடத்துக்குள் தேய்ந்துவிடும். ஆகவே ஃபெர்மியும் அமால்டியும் கையில் பொருளை எடுத்துக்கொண்டு அழுக்குக் கோட்டோடு தாழ்வாரத்தில் தலைதெறிக்க ஓடுவார்கள். மேதகு பேராசிரியர் ஃபெர்மியைப் பார்க்க ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு பெரியவர், இப்படி ஓடுகிறவர்தான் அவர் என்று தெரிந்து திகைத்துப் போனாராம்.

1934 அக்டோபரில் ஒரு விசித்திரம். வெள்ளியை மர மேசையில் வைத்து அடித்தால் கதிரியக்கம் அதிகம், பளிங்கு மேசையில் வைத்தால் குறைவு. மேசைக்கும் அணுவுக்கும் என்னடா சம்பந்தம்? நடுவில் ஈயத் தகடு வைத்துப் பார்க்கலாம் என்று ஈயத்தைப் பக்குவமாகக் கடைந்து வைத்திருந்த ஃபெர்மி, கடைசி நிமிடத்தில் என்ன தோன்றியதோ, அதைத் தள்ளிவிட்டு ஒரு மெழுகுக் கட்டியை வைத்தார். கதிரியக்கம் பல மடங்கு எகிறியது. மத்தியானம் சாப்பிட்டு வருவதற்குள் காரணமும் கண்டுவிட்டார். கேரம் ஆடியிருப்பீர்கள். ஸ்ட்ரைக்கர் பலகைச் சட்டத்தில் மோதினால் அதே வேகத்தோடு திரும்பி வரும். காயில் மோதினால் வேகத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத் தளர்ந்துவிடும். மெழுகிலும் மரத்திலும் தண்ணீரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் எடையும் நியூட்ரானின் எடையும் ஏறக்குறைய ஒன்று. மோதி மோதி மெதுவாகிப்போன நியூட்ரானை அணுக்கரு சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் வைத்துப் பார்க்க அன்றைக்கே தோட்டத்தில் தங்கமீன்கள் நீந்துகிற தொட்டிக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கேயும் அப்படியே. இன்றைக்கு உலையில் மாடரேட்டர் என்று ஒன்றை வைக்கிறோமே, அதன் தாய் அந்த மெழுகுக் கட்டிதான்.

ஆனால் அதே வருடம் போப்பாண்டவர் ஒரு பெரிய தப்பும் செய்தார். யுரேனியத்தை அடித்தபோது புதுப்புது கதிரியக்கங்கள் வந்தன. யுரேனியத்துக்கு அடுத்த 93-வது, 94-வது தனிமங்கள் உண்டாகிவிட்டன என்று நினைத்தார்கள். ஈடா நோடாக் என்ற ஜெர்மானிய வேதியியல் அம்மையார், அணு உடைந்து துண்டாகியிருக்கலாமே, அதைப் பார்த்தீர்களா என்று அப்போதே எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யுரேனியத்தின் இயல்பான ஆல்ஃபா கதிரை மறைக்க வைத்த மெல்லிய அலுமினியத் தகடு, பிளந்து வந்த துண்டுகளையும் சேர்த்து மறைத்துவிட்டது! ஒரு தகடு இல்லாதிருந்தால் பிளவு 1934-லேயே, முசோலினியின் ரோமில் தெரிந்திருக்கும். உலக சரித்திரம் எப்படித் திரும்பியிருக்குமோ, நினைத்தாலே உதறுகிறது.

முசோலினி பற்றிச் சொல்லாமல் போனால் சரித்திரம் அரைகுறையாகிவிடும். 1929-ல் முசோலினி நியமித்த ராயல் அகாடமி உறுப்பினர் பதவியை ஃபெர்மி ஏற்றுக்கொண்டார், கட்சியிலும் சேர்ந்தார். அரசியலில் அவர் வீரர் அல்ல. நம்மை வேலை செய்ய விட்டால் போதும் என்கிற ரகம். 1938-ல் இத்தாலியிலும் யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தபோதுதான் வீடு தேடி வந்தது வினை. மனைவி லாரா யூதப் பெண். குழந்தைகள் நெல்லா, ஜூலியோ. ஆமாம், மகனுக்கு இறந்துபோன அண்ணனின் பெயர்தான். அந்த வருட நோபல் பரிசு ஃபெர்மிக்கு என்று அறிவிப்பு வந்தது. குடும்பத்தோடு ஸ்டாக்ஹோம் போனார். டிசம்பர் 10-ல் பரிசு வாங்கினார். திரும்பி ரோமுக்குப் போகவில்லை. 1939 ஜனவரி 2-ல் நியூயார்க்கில் இறங்கினார். லாராவின் தந்தை கடற்படை அட்மிரல், தமக்கு ஒன்றும் ஆகாது என்று ரோமிலேயே தங்கிவிட்டார். 1943 அக்டோபரில் நாஜிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஆஷ்விட்சில் கொன்றார்கள்.

பரிசு வாங்கிய அந்த நாள்களிலேயே பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியத்தை நியூட்ரானால் அடித்துப் பேரியத்தைக் கண்டுவிட்டார்கள். அணு பிளக்கிறது! ஃபெர்மி கண்டதாகச் சொன்ன புதுத் தனிமங்கள் உண்மையில் பிளந்த துண்டுகளே என்று ஆகிவிட்டது. அச்சாகவிருந்த நோபல் உரையில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார் மனிதர். அடுத்த வேலை என்ன? பிளவில் நியூட்ரான் வருமா, வந்தால் எத்தனை?

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிலார்டு என்ற ஹங்கேரிக்காரரோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார். சிலார்டுக்கு யோசனை ஊற்றெடுக்கும், கை அழுக்காகாது. ஃபெர்மிக்குக் கை அழுக்கானால்தான் திருப்தி. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை, ஆனால் ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் இல்லை. தண்ணீர் நியூட்ரானைத் தணிக்கும், ஆனால் கொஞ்சம் விழுங்கியும் விடும். அதனால் கிராஃபைட்டுக்குப் போனார்கள். கடையில் கிடைத்த கிராஃபைட்டில் போரான் இருந்தது. லட்சத்தில் ஒரு பங்கு என்றாலும் அது நியூட்ரானைக் குடித்துத் தீர்த்துவிடும். சிலார்டு உற்பத்தியாளர்களை விடாமல் நச்சரித்துத் தூய கிராஃபைட் செய்ய வைத்தார். ஜெர்மனியில் வால்தர் போதே அளந்த கிராஃபைட் அவ்வளவு தூய்மையாக இல்லை. நியூட்ரானை அதிகம் விழுங்குகிறது என்று கணக்கு வர, அவர்கள் கனநீர் பக்கம் போய்விட்டார்கள். ஒரே பொருள், இரண்டு அளவை. யுத்தத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்.

1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் ஃபெர்மி இப்போது எதிரி நாட்டு அந்நியர். வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும், கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவரிடம்தான் நாட்டின் மிகப்பெரிய ரகசியத்தையும் ஒப்படைத்தார்கள்! 1942-ல் வேலை சிகாகோவுக்கு மாறியது. நகரத்துக்கு வெளியே ஆர்கான் காட்டில் உலை கட்டுவதாகத்தான் திட்டம். கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கட்டடம் முடியவில்லை. ஊருக்கு நடுவே, பல்கலைக்கழக மைதானத்தின் மேற்குக் கேலரிக்கு அடியில், பந்தடிக்கும் கூடம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கேயே கட்டலாம் என்றார் ஃபெர்மி. தலைவர் காம்ப்டன் சம்மதித்தார். பல்கலைக்கழகத் தலைவரைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று, அவரைக் கேட்கவே இல்லை.

நவம்பர் 16-ல் அடுக்கத் தொடங்கினார்கள். பகல் ஷிஃப்ட் ஜின், ராத்திரி ஷிஃப்ட் ஆண்டர்சன். கிராஃபைட் கட்டைகளை மரவேலை மெஷின்களிலேயே இழைத்து, துளை போட்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 8, 9 கிலோ. மொத்தம் நாற்பதாயிரம் கட்டைகள், எடை சுமார் 350 டன். துளைகளில் யுரேனிய ஆக்சைடு உருண்டைகள் 36 டன்னுக்கு மேல், யுரேனிய உலோகம் 5 டன்னுக்கு மேல். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வரை சம்பாதிக்கலாம் என்று வந்த பக்கத்துத் தெருப் பையன்களும் டாக்டர் பட்டக்காரர்களும் சேர்ந்து தூக்கினார்கள். முகமெல்லாம் கரி, தரையெல்லாம் வழுக்கல். ஒர்க்‌ஷாப்பில் வார்ப்பு மண்ணில் வேலை செய்து வந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள், அதைப்போல் பத்து மடங்கு. நடுநடுவே காட்மியத் தகடு அடித்த மரக் கம்பிகளை நுழைத்து வைத்தார்கள். காட்மியம் நியூட்ரானை அப்படியே விழுங்கும். அவைதான் கடிவாளம்.

கடிவாளம் நிற்குமா? இந்தக் கேள்விதான் முக்கியம். கிராஃபைட் உலையில் ஒரு நியூட்ரான் பிறந்து இன்னொரு பிளவை உண்டாக்க சுமார் ஆயிரத்தில் ஒரு நொடி. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரத்துக்கு ஒன்று கூடுகிறது என்று வையுங்கள். கால்குலேட்டரில் 1.001-ஐ ஆயிரம் தடவை பெருக்கினால் 2.7 வரும். அது ஒரு நொடி. பத்து நொடியில் இருபதாயிரம் மடங்கு! எந்த மனிதன் கை அதற்குள் கம்பியைத் தள்ளும்? நல்லவேளையாக இயற்கை ஒரு சலுகை வைத்திருக்கிறது. எல்லா நியூட்ரானும் பிளந்த கணத்திலேயே வருவதில்லை. யுரேனியம்-235-ல் ஆயிரத்துக்கு ஆறேழு, பிளந்த துண்டுகளிலிருந்து சில நொடிகள், சிலசமயம் ஒரு நிமிடம் வரைகூடத் தாமதமாக வருகின்றன. 1939-லேயே இதைக் கண்டுவிட்டார்கள். மிச்சம் அந்த ஆறேழுக்குள் இருக்கும்வரை உலை ஆமை வேகத்தில்தான் ஏறும், கையாலேயே அடக்கலாம். உலகத்து அணு உலை அத்தனையும் இந்தத் தாமதக்காரர்களின் தயவில்தான் ஓடுகின்றன. ஃபெர்மி ஊருக்கு நடுவே துணிந்தது குருட்டுத் தைரியம் இல்லை, இந்தக் கணக்கின் தைரியம்.

ஒவ்வொரு வரிசை ஏறும்போதும் நியூட்ரான் எண்ணிக்கையை அளந்து, அதைத் தலைகீழாக்கி வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். எண்ணிக்கை எல்லையில்லாமல் பெருகும் இடத்தில் தலைகீழ் மதிப்பு பூஜ்யம் ஆக வேண்டும். புள்ளிகளைச் சேர்த்து கோட்டை நீட்டினால் அது 57-வது வரிசையில் பூஜ்யத்தைத் தொட்டது. முதலில் இன்னும் நிறைய வரிசை தேவைப்படும் என்று நினைத்து, காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு பெரிய சதுர பலூனே தைத்து வைத்திருந்தார்கள். அது தேவையில்லாமல் போயிற்று. இன்றும் ஒரு புது உலையில் முதன்முதலாக எரிபொருள் ஏற்றும்போது போடுவது இந்தத் தலைகீழ் வரைபடம்தான். டிப்ளமோ முடித்துக் கல்பாக்கத்துக்கு ஸ்டைபண்டரி டிரெய்னியாகப் போகிற நம் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 1 ராத்திரி, ஆண்டர்சன் ஷிஃப்ட். 57-வது வரிசை முடிந்தது. கம்பிகளை வெளியே எடுத்தால் போதும், உலகத்தின் முதல் தொடர்வினையைப் பார்த்த முதல் மனிதன் அவர்தான். தடுக்க யாருமில்லை. ஆனால் தான் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று ஃபெர்மி முன்கூட்டியே அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஆண்டர்சன் எண்ணிக்கையைச் சரிபார்த்தார், கம்பிகளை உள்ளே தள்ளிப் பூட்டினார், போய்ப் படுத்துவிட்டார். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான். பெயர் எடுப்பதற்கு எத்தனையோ பேர் என்னென்னவோ செய்கிறார்கள்!

மறுநாள் டிசம்பர் 2. கடுங்குளிர், கூடத்தில் கணப்பு கிடையாது. மாடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். கவுண்டர் செய்து கொடுத்த லியோனா உட்ஸ் என்ற 23 வயதுப் பெண் ஒருத்தியைத் தவிர எல்லாரும் ஆண்கள். கீழே ஜார்ஜ் வைல் கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாடத்தில் ஹில்பெரி, அவசரக் கம்பியின் கயிற்றை வெட்டக் கோடாலியோடு. உலைக்கு மேலே மூன்று பேர், எல்லாம் கைமீறினால் ஊற்றுவதற்குக் காட்மியக் கரைசலோடு. வைல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழுப்பார். எண்ணிக்கை ஏறி ஒரு இடத்தில் நிற்கும். எங்கே நிற்கும் என்று ஃபெர்மி ஸ்லைடு ரூலைத் தள்ளி முன்கூட்டியே சொல்வார். அங்கேயே நிற்கும். திடீரென்று பதினொன்றரை வாக்கில் தடால் என்று ஒரு சத்தம். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. தானியங்கிப் பாதுகாப்புக் கம்பியின் அளவைக் குறைவாக வைத்துவிட்டார்கள், அது தானாக விழுந்துவிட்டது. ஃபெர்மி எல்லாவற்றையும் பூட்டச் சொல்லிவிட்டு, சாப்பிடப் போகலாம் என்றார்! வெற்றி இன்னும் சில அடி தூரத்தில் இருக்கும்போது எழுந்து சாப்பிடப் போன மனிதர்.

மத்தியானம் மறுபடி அதே படிகள். மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்துக்குக் கடைசியாக ஓர் அடி இழுத்தார்கள். இந்தத் தடவை எண்ணிக்கை நிற்கவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. பெருக்கக் காரணி 1.0006. ஃபெர்மி முகத்தில் சிரிப்பு. கம்பியை இறக்கச் சொல்லும்போது ஓடத் தொடங்கி 28 நிமிடம். வெளிவந்த திறன் எவ்வளவு என்கிறீர்கள்? அரை வாட். டார்ச் பல்புகூட ஒழுங்காக எரியாது. விக்னர் மறைத்து வைத்திருந்த கியாந்தி ஒயினை எடுக்க, காகிதக் கோப்பைகளில் சத்தமில்லாமல் குடித்தார்கள். புட்டியின் வைக்கோல் உறையில் கையெழுத்துப் போட்டார்கள். ஆரவாரம் எதுவும் இல்லை.

கவசச் சுவரும் இல்லை, குளிர்விக்கும் ஏற்பாடும் இல்லை. ஒரு பெரிய நகரத்தின் நடுவில். கணக்கு சரியாக இருந்தது, நியாயம் சரியாக இருந்ததா என்றால், என் அபிப்பிராயத்தில் இல்லை. சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. யுத்த காலம் என்பது காரணம், சமாதானம் ஆகாது.

கணக்கு எப்போதும் போதுமா? 1944 செப்டம்பர், வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்டு. புளூட்டோனியம் செய்வதற்கான முதல் பெரிய உலை, 250 மெகாவாட் வடிவமைப்பு. ஃபெர்மியே முதல் எரிபொருளைப் போட்டார். உலை அழகாக ஏறியது. சில மணி நேரத்தில் தானாக இறங்கத் தொடங்கியது. கம்பியை வெளியே எடுக்க எடுக்க இறங்கியது, கடைசியில் அணைந்தே போயிற்று. மறுநாள் தானாக மறுபடி உயிர் வந்தது. பேய் பிடித்த மாதிரி! ஃபெர்மியும் வீலரும் அந்த நேரங்களை எண்ணினார்கள். பிளவில் வரும் அயோடின்-135 ஆறரை மணி சுமாரில் பாதியாகி செனான்-135 ஆகிறது. செனான் ஒன்பது மணி சுமாரில் பாதியாகிறது. இந்தச் செனான் நியூட்ரானை யுரேனியத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக விழுங்குகிற ராட்சதன். சிகாகோவின் அரை வாட்டில் அது தலைகாட்டவே இல்லை.

இதைச் சமாளித்தது யார் தெரியுமா? விஞ்ஞானி இல்லை, இஞ்சினியர். விஞ்ஞானிகள் 1500 குழாய் போதும் என்று வட்டமாக வரைந்து கொடுத்திருந்தார்கள். டூ பாண்ட் கம்பெனியின் ஜார்ஜ் கிரேவ்ஸ், எதற்கும் கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று மூலைகளிலும் சேர்த்து 2004 குழாய்களுக்கு இடம் விட்டிருந்தார். வீண் செலவு என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த 504 குழாய்களிலும் யுரேனியம் போட்ட பிறகுதான் உலை செனானை ஜெயித்து ஓடியது. டிசைன் வகுப்பில் பாதுகாப்புக் காரணி எதற்கு என்று கொட்டாவி விடுகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இதே செனான்தான் 1986 ஏப்ரலில் செர்னோபிலில் உலையை அமுக்கியது. அதை எழுப்பப் பணியாளர்கள் கம்பிகளை ஏறக்குறைய எல்லாமே வெளியே இழுத்தது, அங்கே நடந்த விபரீதத்துக்கு ஒரு காரணம்.

ஹான்ஃபோர்டின் புளூட்டோனியம் எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. 1945 ஜூலை 16 விடிகாலை, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் குண்டைச் சோதித்தபோது ஃபெர்மி பத்து மைல் தள்ளி நின்றார். வெளிச்சம் வந்து சுமார் 40 நொடி கழித்துக் காற்றின் அலை வந்தது. கையிலிருந்து சின்னக் காகிதத் துண்டுகளை விட்டார், அவை இரண்டரை மீட்டர் நகர்ந்து விழுந்தன. அதை வைத்து, பத்தாயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்று அங்கேயே சொன்னார். உண்மை அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். காகிதத் துண்டில் இந்த அளவுக்குக் கிட்டத்தில் வந்ததே அதிசயம். ஆனால் அந்தக் கணத்திலும் எண்ணிக்கொண்டே நின்றாரே என்று நினைக்கும்போது பிரமிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

அதற்கு முந்தைய மாதம், குண்டை ஜப்பான் மேல் போடுவதா, ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டினால் போதுமா என்று நான்கு விஞ்ஞானிகளை அரசாங்கம் கேட்டது. ஓப்பன்ஹைமர், லாரன்ஸ், காம்ப்டன், ஃபெர்மி. காட்டுவதால் மட்டும் யுத்தம் முடியும் என்று தோன்றவில்லை, நேரடியாகப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. ஆகஸ்ட் 9, நாகசாகி. அந்த வருடம் முடிவதற்குள் செத்தவர்கள் லட்சத்துக்கும் மேல். ஃபெர்மியின் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதை அழிக்க முடியாது. 1949-ல் ஹைட்ரஜன் குண்டு செய்யலாமா என்று கேட்டபோது, ராபியோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கை வேறு மாதிரி இருந்தது. எல்லையே இல்லாத அழிவு ஆயுதம், எந்த விதத்தில் பார்த்தாலும் தீயது, செய்யவே கூடாது என்றார்கள். ஜனாதிபதி ட்ரூமன் கேட்கவில்லை. 1950-ல் வேலை தொடங்கியதும் ஃபெர்மியும் போய்க் கணக்குப் போட்டுக் கொடுத்தார். இந்த முரணை என்னால் தீர்த்துவைக்க முடியவில்லை.

யுத்தத்துக்குப் பின் சிகாகோவில் வாத்தியார் வேலை. அதில்தான் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று தோன்றுகிறது. சிகாகோவில் பியானோ சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று திடீரென்று கேட்பார். விடை யாருக்கும் தெரியாது. ஜனத்தொகை, வீடுகள், எத்தனை வீட்டில் பியானோ, வருஷத்துக்கு எத்தனை தடவை என்று படிப்படியாகப் போனால் ஏறக்குறையச் சரியான எண் வந்துவிடும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் டீ விற்கும் என்று நீங்களும் போட்டுப் பாருங்களேன். அவரிடம் படித்த சேம்பர்லைன், லீ, ஸ்டைன்பெர்கர், ஃப்ரீட்மன் எல்லாரும் பிற்பாடு நோபல் வாங்கினார்கள்.

முன்னே சொன்ன சந்திரசேகரும் அப்போது அதே பல்கலைக்கழகம். விஸ்கான்சினில் உள்ள வானாய்வகத்திலிருந்து வந்துபோவார். இருவரும் வாராவாரம் உட்கார்ந்து பேசிப் பேசி, நட்சத்திர மண்டலத்தின் காந்தப்புலம் பற்றி 1953-ல் சேர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். கப்பலில் தொடங்கிய உறவு இருபத்து மூன்று வருடம் கழித்து ஒரே தாளில் இரண்டு பெயராக அச்சாயிற்று.

1954 ஏப்ரலில் ஓப்பன்ஹைமர் மேல் தேசவிசுவாச விசாரணை நடந்தபோது ஃபெர்மி அவருக்காகச் சாட்சி சொன்னார். அந்தக் கோடை முழுக்க உடம்பு சரியில்லை. அக்டோபரில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். புற்றுநோய், எங்கும் பரவியிருந்தது. கதிரியக்கத்தோடு கழித்த வாழ்க்கையால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பார்க்கப் போன சந்திரசேகருக்கும் ஆண்டர்சனுக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஃபெர்மிதான் பேச்சைத் தொடங்கினார். அடுத்த ஜென்மத்தில் தான் யானையாகப் பிறப்பேனா என்று சந்திரசேகரைக் கேட்டாராம், இந்தியர் ஆயிற்றே, தெரிந்திருக்கும் என்று. அதோடு அறையில் இருந்த இறுக்கம் போய்விட்டது. செக்ரே போனபோது, குழாய் வழியாக உடம்பில் இறங்கும் திரவத்தின் சொட்டுகளை ஸ்டாப் வாட்ச் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார், ஓட்டம் எவ்வளவு என்று பார்க்க.

1954 நவம்பர் 28-ல் காலமானார். வயது 53. நியூட்ரான் உலைக்காக ஃபெர்மி, சிலார்டு இருவர் பெயரிலும் 1944-ல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை, எண் 27,08,656, ரகசியம் நீங்கி 1955 மே மாதம் வெளிவந்தது.